கனம்

நல்லூர் கோவிலில் அன்னையர் ஞாயிறன்று
ஐந்தாம் கற்பனையை வாசிக்க
என் பெயரைப் போட்டிருந்தார்கள்.
சனிக்கிழமை ராத்திரியே வாசித்துப் பார்த்தேன்.
ஒரு சொல்லில் நாக்கு நின்றது.
கனம்.

எனக்கு அது வேலை பார்க்கிற இடத்துச் சொல்.
ஆலங்குளம் ரேஷன் கடையில் பதினேழு வருஷம்.
மூட்டையின் கனம், சாக்கைக் கழித்த கனம்,
தட்டில் ஒரு விரல் வைத்தால் கூடுகிற கனம்.
(வைத்ததே இல்லை என்று சொல்லமாட்டேன்.
பாவ அறிக்கையில் தலை குனிகிறபோது
எனக்கும் ஏதாவது வேண்டாமா?)

வெள்ளிக்கிழமை ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில்
அம்மாவை எடை மிஷினில் ஏற்றச் சொன்னார்கள்.
நிற்க முடியவில்லை.
தூக்கிக்கொண்டு நானே ஏறினேன்.
இரண்டு பேர் எடையில் என் எடையைக் கழித்தாள் நர்ஸ்.
முப்பத்திரண்டு.
சாக்கைக் கழிக்கிற மாதிரியேதான்.

ஜெபக்கனி. நாளொன்றுக்கு ஆயிரம் பீடி.
இலையை நனைத்து, வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி,
நுனியை மடக்கி, நூலைச் சுற்றி,
இருபத்தைந்து இருபத்தைந்தாகக் கட்டி
சுளவோடு கொண்டுபோனால்
செக்கர் அள்ளிப் பார்த்து நூறைக் கழிப்பார்.
கழித்ததும் கம்பெனிக்குத்தான் போகும்.
கூலிதான் வராது.
ராத்திரி அந்த நூறையும் சுற்றி முடித்து
ஒரு சங்கீதம் எடுப்பாள், பாதியில் தூங்குவாள்.
வேதப்புத்தகத்தின் ஓரமெல்லாம் புகையிலை நிறம்.

ஒரு வருஷம் புதிதாக வந்த குருவானவர்
புகையிலைக்கு எதிராக மூன்று ஞாயிறு பிரசங்கித்தார்.
அம்மா மூன்று ஞாயிறும் போனாள்.
மூன்று ஞாயிறும் பீடிப் பணத்தில் காணிக்கை போட்டாள்.
பை பிடித்தவர் அதை முகர்ந்து பார்க்கவில்லை.
"அவரு சொல்லுதது சரிதாம்ட்டி" என்றாள் வெளியே வந்து,
"சரின்னா ஒடனே விட்டுர முடியுமா?
ஒனக்கு ஃபீசு இருக்குல்லா."

எட்டாம் வகுப்புக்குப் பாளையங்கோட்டை ஆஸ்டல்.
பாரத்தில் தாயின் தொழில் என்ற கோட்டில்
தையல் என்று எழுதினேன்.
பார்க்க வருகிற நாளில்
கேட்டுக்கு வெளியே, வேப்பமரத்துக்கு அந்தப் பக்கம்
நிற்கச் சொல்லியிருந்தேன்.
சேலையில் அந்த வாசனை.
நின்றாள். ஏன் என்று கேட்கவில்லை.
கம்பி வழியாக முறுக்குப் பொட்டலம் மட்டும் உள்ளே வரும்.

கனத்துக்கு எதிர்ச்சொல் வேதத்திலேயே இருக்கிறது.
கனவீனம்.
அந்த ராத்திரி அதுவும் ஞாபகத்துக்கு வந்தது.

சிலுவைக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றாள்.
தொங்குகிற மகன் அந்த வேதனையிலும்
இனி இவள் யார் வீட்டில் இருப்பாள் என்று யோசித்தான்.
பெரிய வெள்ளிதோறும் அவன் அன்பைச் சொல்வார்கள்.
அவளுக்குக் கால் வலித்திருக்கும் என்று
இதுவரை ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை.

வாசித்தேன்.
அந்தச் சொல்லுக்கு முன்னால் கொஞ்சம் நின்றேன்.
கண்ணாடியைச் சரிசெய்கிறேன் என்று நினைத்திருப்பார்கள்.
ஆராதனை முடிந்து தாய்மாருக்கு
ஆளுக்கொரு எவர்சில்வர் டம்ளர்.
வராதவர்கள் பங்கைக் கோவில்பிள்ளை எஸ்தாக்கு
சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்தார்.

அம்மா கட்டிலில் போர்வை ஓரத்தைச்
சுருட்டிக்கொண்டே இருந்தாள்.
விரல்கள் அவளைக் கேட்காமலே ஓடுகின்றன.
டம்ளரை வாங்கிக் கையில் ஏந்திப் பார்த்தாள்.
"எம்புட்டு இருக்கும்ட்டி? நூறு கிராம் வராது.
கடையில வச்சி நிறுத்துப் பாரு."

குளிப்பாட்டத் தூக்கினேன்.
முதுகுக்கு ஒரு கை, முழங்காலுக்கடியில் ஒரு கை.
ஐம்பது கிலோ மூட்டையை இழுத்துப் பழகிய உடம்பு,
முப்பத்திரண்டெல்லாம் ஒரு கணக்கே இல்லை.
குளிக்கிற கல்வரை பதினோரு எட்டு.
ஆறாவது எட்டில் மூச்சு நின்றது.

"கனமா இருக்கனாட்டி?"

இல்லம்மா என்று சொல்ல வாயெடுத்து,
"ஆமா" என்றேன்.

"பின்ன பைய எறக்கு" என்றாள்.