பத்தொன்பதில் இரண்டு

விதி இதுதான்: யார் பேசினாலும்
'நான்' என்றே நான் மொழிபெயர்க்க வேண்டும்.
'அவர் சொல்கிறார்' என்று ஒதுங்கி நிற்கக் கூடாது.
மணிக்கு இவ்வளவு பிராங்க், ரயில் காசு தனி.

ஓல்டன் மருத்துவமனை, மூன்றாம் மாடி.
குலவீரசிங்கம், ஐம்பத்தெட்டு வயது,
இருபத்தாறு வருடம் இரவு ரயில்களின் இருக்கை துடைத்தவர்.
கணையத்தின் தலையை வெட்டி எடுத்து ஆறு கிழமை.
தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு
டாக்டர் எபிஷரின் வாயை விட்டு
என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டி மூன்று: கட்டி நாலு சென்டிமீட்டருக்கு மேல்.
என் ஒன்று: எடுத்த பத்தொன்பது நிணநீர் முடிச்சுகளில்
இரண்டில்.
எம் பூச்சியம்: ஈரலில் இல்லை, நுரையீரலில் இல்லை,
தேடிய இடத்தில் இல்லை.
எல்லாம் சேர்ந்தால் இரண்டு-பி.

ஸ்டாடியும் என்றார் டாக்டர்.
டொச்சில் அது பந்தடிக்கும் மைதானமும்தான்.
தமிழில் என்னிடம் மூன்று சொல் இருந்தன.
படி என்றால் எங்கோ ஏறுவதுபோல் இருக்கும்.
நிலை என்றால் நின்றுவிட்டதுபோல்.
கட்டம் என்றேன்.

"ஓ, கட்டமோ?" சிரித்தார்.
"என்ரை சாதகத்திலையும் கட்டம் கிடக்கு.
எண்பத்திமூண்டு வயசு எண்டு எழுதியிருக்கு.
இவையின்ரை கட்டம் என்ன சொல்லுது?"

எண்பத்திமூன்றை டொச்சுக்குக் கொண்டுபோனேன்.
சிரிப்பு வாசலிலேயே நின்றுவிட்டது.

உங்களைப் போல அறுவை முடிந்து
உங்களைப் போல இரண்டு-பி ஆன நூறு பேரை எடுத்தால்
ஐந்து வருடம் கழித்து
ஏறக்குறைய இருபது பேர்

தமிழில் வினை கடைசியில் வரும்.
அதற்கு முன் எனக்கு ஒரு மூச்சு தேவைப்பட்டது.
அந்த மூச்சுக்குள் அவர்
மற்ற எண்பது பேரையும் எண்ணி முடித்துவிட்டார்.

உயிரோடு இருப்பார்கள், என்றேன்.

"கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி,
அந்த நூறிலை நான் எத்தினையாவது ஆள்?"

நான் எத்தனையாவது ஆள் என்று
விதிப்படி நானே கேட்டேன்.

டாக்டர் பேனையை மூடினார்.
"எனக்குத் தெரியாது.
அந்த நூறு பேரைப் பற்றித்தான் இந்தத் தாள்.
எந்த மருந்து, எத்தனை மாதம், அடுத்த ஸ்கேன் எப்போது
என்று முடிவெடுக்க இது எனக்கு வேண்டும்.
உங்கள் பெயர் இதற்குத் தெரியாது."

"எனக்குத் தெரியாது," என்றேன் அவரிடம்.
அதை மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை.

ஸ்டேஷன் மேடையில்
கிலோமீட்டர் பூச்சியக் கல்லைக் காட்டினார்.
"இதிலையிருந்துதான் தூரம் அளக்கத் தொடங்கினவை.
எம் பூச்சியம், அது நல்லதுதானே?"
"நல்லது."
"டொச்சிலை எப்பிடி?"
"எம் நுல்."
மனைவியின் வேலை முடிய இன்னும் ஒரு மணித்தியாலம்.
எம் நுல், எம் நுல் என்று
தொப்பிக்குள் சொல்லிப் பார்த்தார்.

ஆரௌ வண்டிக்கு நேரே
பலகையில் ஓர் எழுத்து வரி ஓடியது:
ஏறக்குறைய நாலு நிமிடம் தாமதம்.

"உந்த ஏறக்குறையவோடை
இருபத்தாறு வருசம் வேலை செய்தனான்," என்றார்.
"சிலநேரம் ரெண்டு நிமிசத்திலையும் வந்திடும்.
சிலநேரம்..."

தண்டவாளம் போகும் பக்கமாய்
எட்டிப் பார்த்தார்.