பக்கம் நாற்பத்தொன்று

லீபாயாத் துறைமுகத்தின் பழைய மீன்கணக்கைத் தேடி
ரீகாவின் ஆவணக் காப்பகத்துக்கு வந்திருந்தேன்.
ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தெட்டு.
ஹெர்ரிங், டன் டன்னாய்.
எனக்கு வேண்டியது எண்கள் மட்டும்.

கோப்பின் முகப்பில் ஒரு தாள்,
முன்னால் திறந்தவர்கள் ஒப்பமிட்டது.
அறுபத்தாறு மார்ச்: எவால்ட்ஸ் க்ரூமின்ஷ். நோக்கம்: மீன்வளம்.
அறுபத்தேழு மார்ச்: அவரே. மீன்வளம்.
எழுபத்திரண்டு. எழுபத்தொன்பது.
எண்பத்தைந்தில் எழுத்து நடுங்குகிறது.
தொண்ணூற்றிரண்டில்
நோக்கம் என்ற கட்டத்தை வெறுமனே விட்டிருக்கிறார்.
அப்புறம் யாருமில்லை. நான்தான்.

முந்திக்கொண்டாரே மனுஷன் என்று வயிறு எரிந்தது.
நான் போடவிருந்த வரைபடத்தை
அப்போதே போட்டு முடித்திருப்பாரோ?
பட்டியல் பட்டியலாய்த் துழாவினேன்.
ஒரு கட்டுரை இல்லை,
யாருடைய அடிக்குறிப்பிலும் அவர் இல்லை.

நாற்பத்தொன்றாம் பக்கத்தின் கீழ்மூலை மட்டும்
விரல்பட்டு விரல்பட்டுக்
கண்ணாடியாகியிருந்தது.
உப்பு வழங்கிய விவரம், படகு வாரியாக.
பதினோராம் வரி:
இரண்டு மூட்டை பெற்றுக்கொண்டேன். ஃப்ரிட்ஸிஸ் க்ரூமின்ஷ்.
மையை அதிகமாய்த் தொட்டுவிட்ட கை;
கடைசி எழுத்தின் வால் அடுத்த வரிவரை ஒழுகியிருக்கிறது.

நாற்பத்தொன்பதின் கோப்பையும் கேட்டு வாங்கினேன்.
பிப்ரவரி வரை அதே ஒழுகும் வால்.
ஏப்ரலில் அதே படகு, அதே இரண்டு மூட்டை,
வேறொருவர் ஒப்பம்.

ஐந்தரைக்குக் காப்பாளர் தைனா விளக்கை அணைக்கத் தொடங்கினார்.
அன்று நான் குறித்துக்கொண்ட எண்
ஒன்றே ஒன்று: இரண்டு.
தாளில் பெயர் எழுதினேன், தேதி எழுதினேன்.
நோக்கம் என்ற கட்டத்தில் பேனா சற்று நின்றது.
நானும் மீன்வளம் என்றே எழுதினேன்.