மூன்றா எட்டா

நள்ளிரவு இரண்டு பத்துக்கு
நாலு லட்சம் கேட்டிருந்தான் ஒருவன்.
பெயர் ரோட்கிங் ஜீரோ செவன்.
முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு சூரிய அஸ்தமனம்.
கணக்குத் தொடங்கியது நேற்று.
இதுவரை வாங்கியவை: பூஜ்யம்.

செம்பூர் திலக் நகரில்
எங்கள் கட்டடத்தின் பின்பக்கம்
நீலத் தார்ப்பாய்க்குள் நிற்கிறது
அறுபத்தேழாம் வருஷத்து ஸ்டாண்டர்டு ஹெரால்டு.
என் அப்பாவின் வண்டி இல்லை.
இதில் ஏறி யாரும் எங்கள் வீட்டுக்கு மணமகளாய் வரவில்லை.
மூன்று வருஷம் வரிக்கணக்கு எழுதிய கூலிக்கு ஈடாக
பைக்குலா லோபோ கொடுத்துவிட்டுப் போன சாவி.
"ரெண்டு லட்சமாவது தேறும் ஹெப்சிபா" என்றார்,
என் கண்ணைப் பார்க்காமல்.
செக்ரட்டரி குல்கர்ணி வாரம் ஒரு நோட்டீசை
வண்டியின் நெற்றியில் ஒட்டுகிறார்.
மழை அதைக் கரைக்கிறது. மறுபடி ஒட்டுகிறார்.

ஒருவன் வணக்கம்கூடச் சொல்லாமல்
"கடைசி விலை?" என்கிறான்.
முதல் விலையே இன்னும் யாரும் சொல்லவில்லை, தம்பி.
ஒருவன் ராணுவத்தில் இருக்கிறானாம், பனிமலையில்.
ஆள் அனுப்பி வண்டியை எடுத்துக்கொள்வானாம்.
பணம் எனக்கு வர
நான் கட்டத்தை ஸ்கேன் செய்து
என் ரகசிய எண்ணைப் போடவேண்டுமாம்.
வருகிற பணத்துக்கு எதற்கடா என் எண்?
கையில காசு, வாயில தோசை
என்று தமிழிலேயே எழுதி அனுப்பினேன்.
பனிமலை அதோடு அடங்கியது.
எல்லோருக்கும் நான் சார். சிலருக்கு ப்ரோ.

பிறகுதான் ஒரு கேள்வி வைத்தேன்.
விலை சொல்பவர் எவரானாலும் முதலில் இதற்குப் பதில்:
இந்த வண்டியின் பானெட் எந்தப் பக்கம் திறக்கும்?

ரோட்கிங் "மேலே" என்றான்.
இன்னொருவன் சிரிக்கிற பொம்மை போட்டான்.
ஒன்பது பேர் காணாமல் போனார்கள்.
சாங்லியிலிருந்து அபய் மாங்லே எழுதினார்:
"முன்னால் கவிழும், மட்கார்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு.
மூக்கைத் தரையில் வைத்து
ஏதோ தேடுகிற மாதிரி இருக்கும்.
இரண்டரை தருகிறேன்."
அவர் பெயருக்கு எதிரிலும் பூஜ்யம்தான்.
கீழே இன்னொரு வரி:
"நீங்களும் இதுவரை எதையும் விற்றதில்லையே.
சேஸிஸ் எண்ணைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

அதுவரை எனக்குத் தோன்றவே இல்லை,
ஊரையெல்லாம் தணிக்கை செய்த எனக்கு,
என் பெயருக்கு எதிரிலும் அதே முட்டை என்று.

குடையைத் தோளில் இடுக்கி
டார்ச்சைப் பல்லில் கடித்து
வண்டியின் மூக்கைக் கவிழ்த்தேன்.
தகட்டில் துரு.
ஆர்.சி. புத்தகத்தில் கடைசி இலக்கம் எட்டு.
தகட்டில் மூன்று.
லோபோவா? லோபோவுக்கு விற்றவனா?
சாக்கடை நிரம்பும் சத்தத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.
அந்த ஒரு இலக்கத்தைக் கட்டைவிரலால் மறைத்தும்
படம் எடுத்திருக்கலாம்.
மறைக்காமல் அனுப்பினேன்.

பதில் உடனே வந்தது:
"மண்ணெண்ணெய் இருக்கிறதா?
துணியில் தொட்டுத் துடையுங்கள்.
வலப்பக்கமாக."

மண்ணெண்ணெய் இல்லை. நெயில் பாலிஷ் அழிக்கிற திரவம் இருந்தது.
மூன்று மெல்ல வாயை மூடிக்கொண்டு
எட்டாயிற்று.

டோக்கன் அனுப்பவா என்று கேட்டார்.
பார்த்துவிட்டுக் கொடுங்கள் என்றேன்.
பத்தொன்பது வருஷம் கணக்கெழுதிப் பிழைத்தவள்
இப்படிச் சொன்னதை
என் வாடிக்கையாளர் யாரும் நம்பமாட்டார்கள்.

அன்றிரவே நாலு லட்சத்தை
என் விரலால் நானே நீக்கினேன்.
நீக்கவா என்று திரை இரண்டு முறை கேட்டது.

இன்று ஞாயிறு. பத்து மணிக்கு வருகிறேன் என்றவர்.
மணி பத்து இருபது.
கேட் பக்கம் பால் வண்டிதான் போகிறது.
குர்லா பக்கம் வானம் கறுத்து வருகிறது.
குல்கர்ணி மாடியிலிருந்து பார்க்கிறார்.
தார்ப்பாயை எடுத்து
நான்காய் மடித்துவிட்டேன்.