பதினாறு கூடிய இடம்

திருநெல்வேலியில் இரவு எட்டரை.
கரண்ட் ஒருதரம் போய் வந்ததில்
லேசர் திரும்பவும் முதலிலிருந்து சூடேறுகிறது.
புற ஊதாக் கதிர், கண்ணுக்குத் தெரியாது.
எங்கே விழுகிறதென்று பிடிக்க
தர்மினியின் கலியாணக் காட்டை வைத்திருக்கிறேன்.
மண்டபத்தின் பெயருக்கு மேல்
நீலமாய் ஒரு பொட்டு மினுங்கினால்
குழாய் நேர்.

குழாய் தையல் நூலின் தடிப்பு.
அதற்குள் ஊர்கிறது
சுருட்டைப் பாம்பின் நஞ்சில் பிரித்த ஒரு புரதம்,
அதைக் கவ்வியபடி மருந்தின் பிறபொருளெதிரி,
கொஞ்சம் ஐதரசன் பேரொட்சைட்டு,
அதன் வாயைக் கட்டக் குளுட்டமீன்.

போன கிழமை குளுட்டமீனை மறந்துபோனேன்.
ஒளித்ததும் ஒளிக்காததும்
ஒன்றாய் எரிந்தன.
அவிந்த முட்டையிடம் என்னத்தைக் கேட்பது?

துடிப்பு.
பேரொட்சைட்டு இரண்டாய்ப் பிளக்கிறது.
பிளந்த பாதிகள்
வெளியே நீட்டிக்கொண்டிருப்பதையெல்லாம் கடிக்கின்றன.
புரதம் திடுக்கிட்டு முறுக்கவிழுமுன்
கடித்து முடிந்துவிடும்.

படம் பிடிப்பது போலவா என்று கேட்கிறார்கள்.
இல்லை.
எனக்கு வேண்டியது கடிபடாத இடம்,
மருந்து கைவைத்துப் பொத்திய இடம்.

இளவாலையில், வெங்காயத் தறையில்,
செபமாலையின் கணுக்காலில் ஏறியது இதே நஞ்சு.
பத்துக் குப்பி மருந்து ஏற்றியும்
மூன்று நாள் முரசு கசிந்தது.
இப்போதும் இடைக்கிடை போன் எடுப்பார்.
"பிள்ளை, இன்னும் அந்தப் பாம்போடைதானோ?"
"அதின்ரை நஞ்சுக்கு வெளிச்சம் அடிக்கிறன், ஐயா."
"நானும் அண்டைக்கு ஒரு டோச் அடிச்சிருந்தா
உனக்கு இந்த வேலை இல்லை."

மாதிரிகள் ஐஸ் பெட்டியில்,
கொழும்பு பஸ்ஸில், என் மடியில்.
"மீனோ?" என்றார் நடத்துனர்.
"மீனில்லை அண்ணை."
அதற்குமேல் சொல்ல வரவில்லை.

திணிவுமானி நிறுத்துத் தந்தது.
நடுத்துண்டுகள் மூன்றும் பழைய பாரம்:
பொத்தியிருக்கிறது.
வால் பக்கத்து மெதியோனின் மட்டும்
பதினாறு கூடியிருந்தது.
ஓர் ஒட்சிசன் அணுவின் பாரம்.
மருந்து இருந்தபோதும் பதினாறு.
மருந்தே இல்லாதபோதும் பதினாறு.
அந்த இடத்துக்கு ஒரு கை காணாது.

கொப்பியில் எழுதி
இரண்டு கோடு இழுத்தேன்.
நாளைக்குத் திரும்பவும், புதிய நஞ்சில்.

கலியாணக் காட்டை எடுத்துப் பார்க்கிறேன்.
தர்மினிக்கு வியாழக்கிழமை.
பொட்டு விழுந்த இடம் பழுப்பேறி,
மண்டபத்தின் பெயரில்
பாதி எழுத்தைக் காணவில்லை.