பதினொன்றாம் கட்டம்

பெள்ளந்தூரில் ஒரு கண்ணாடி உடைந்தது.
நான்காம் மாடி, மேற்குப் பக்கம்,
ஞாயிறு விடிவதற்குள், மூன்று நாற்பதுக்கு.
காற்றில்லை. கல்லில்லை.
காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று
எழுதிவிட்டுப் போகலாம்;
காக்கையும் இல்லை.

கேமராவை இருபத்தாறு முறை ஓட்டிப் பார்த்தேன்.
இந்த நொடி கண்ணாடி,
அடுத்த நொடி கல்லுப்பு.
நடுவே எதுவும் நுழையவில்லை.

காப்பீட்டுக்குச் சேதம் பார்ப்பவள் நான். பதினான்கு வருடம்.
எலி, மின்கசிவு, குடித்த டிரைவர்,
அடைத்த சாக்கடை, பழைய வெல்டிங்.
பதினொன்றாம் கட்டத்தில் 'காரணம்' என்றிருக்கும்.
காலியாக விட்டதில்லை.
கிடைக்காத நாளில்
கொஞ்சம் தைத்தும் கொடுத்திருக்கிறேன்.

ஆய்வகத்தில் நசீமா துகளைக் காட்டினாள்,
கண்ணாடிக்குள் நிக்கல், ஊசிமுனையிலும் சிறியது.
மெல்ல வீங்கும், ஒருநாள் பிளக்கும்.
சரி, பக்கத்துக் கண்ணாடியிலும் அதே துகள்,
அதே உலை, அதே லாரி, அதே வெயில்.
இது ஏன்? அன்றைக்கு ஏன்?
உதட்டைப் பிதுக்கினாள்.
"இன்னும் நுணுக்கிப் பார்த்தால் தெரியுமா?"
"தெரிவதற்கு அங்கே ஒன்றும்
இல்லாமலும் போகலாம், அக்கா."

இரவுக் காவல் மஞ்சப்பா
பெருக்கிக்கொண்டே சொன்னார்:
"சும்னே ஒடெதோய்து, மேடம்."
சும்னே.
இந்த ஊருக்கு வந்து இத்தனை நாளில்
மொழிபெயர்க்கத் தேவைப்படாத
ஒரே வாக்குமூலம்.

போன ஆடியில், ஒரு செவ்வாய்க்கிழமை,
பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன்.
தேவசகாயத்தின் மேல் ஆறு வருடமாக
வைத்திருந்த கோபத்தைக் காணவில்லை.
மன்னிக்கவில்லை. அவன் கேட்கவுமில்லை.
கடாயின் அடிப்பிடிப்பு அப்படியே இருந்தது,
கோபம்தான் இல்லை.
தங்கை போனில் விடவில்லை:
ஜெபமா, மாத்திரையா, வேறு யாராவதா?
நெருப்பில்லாமல் புகையுமா என்றாள்.
புகையாமல் அணைந்ததைச் சொல்கிறேனடி,
அதற்குப் பழமொழி இருக்கிறதா?

இப்போது லேப்டாப்பில் அதே கட்டம்.
தீ, வெள்ளம், திருட்டு, கலவரம்,
கடைசியில் 'பிற'.
அழுத்தினால் விளக்கம் கேட்கிறது,
குறைந்தது இருபது எழுத்து.

சும்மாவுக்கு மூன்றுதான்.

மீதிப் பதினேழுக்காக
என் அறை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
அது உடையாமல் இருக்கிறது.
அதற்கென்று யாரும்
ஒரு கட்டம் போடவில்லை.