ஒன்பது வோல்ட்

யீஷூன், புளோக் 839,
நான்காம் தூண், சதுரங்க மேசைக்குப் பக்கத்தில்
என்று செய்தி அனுப்பியிருந்தார் ரிசுவான்.
வேலை முடிந்து சீருடையோடேயே போய்விட்டேன்.

இருநூறு வெள்ளி சொன்னார்.
நூற்று நாற்பது என்றேன்.
கித்தாரை மேசை மேல் கிடத்திவிட்டு
இரண்டு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்,
தன் விலையை அதுவே சொல்லட்டும் என்பது போல.

குறைகளை அவர்தான் காட்டினார்.
ஐந்தாம் கட்டில் மூன்றாவது தந்தி இரையும்.
வார் மாட்டும் குமிழ் எப்போதோ விழுந்துவிட்டது,
அங்கே இருப்பது அலமாரிக் கதவின் திருகாணி.
ஒயர் செருகும் இடத்தில் கரகரப்பு:
"லேசா மேல தூக்கிப் பிடிச்சா அடங்கிடும்."
விலாவில் ஒரு சின்னக் கதவு.
நகத்தால் நெம்பி, சதுர பேட்டரியை உருவி
நாக்கு நுனியில் வைத்தார்.
முகம் சுளித்தார்.
"உயிர் இருக்கு."

நூற்று அறுபத்தைந்துக்கு முடிந்தது.
பேநவ் 'டிங்' என்றது.
அன்று சுருதி பிசகாமல் ஒலித்தது அது ஒன்றுதான்.

ஏன் விற்கிறீர்கள் என்று நான் கேட்கவில்லை.
ஏன் வாங்குகிறீர்கள் என்று அவரும்.
மின்தூக்கிக்குள் போனவர்
மூடப் போன கதவை முழங்கையால் தடுத்து,
"ஈரம் ஆகாது. ஜன்னல் பக்கம் வைக்காதீங்க" என்றார்.
இந்தத் தீவில்
வேறு எந்தப் பக்கம் வைப்பது?

ரயிலில் ஒரு பள்ளிப் பையன் எழுந்து இடம் கொடுத்தான்.
எனக்கா, அதற்கா, தெரியவில்லை.
இருவரும் உட்கார்ந்தோம்.

அறையில் எடுத்தபோது
வயிற்றுக்குள் ஏதோ கடகடத்தது.
தலைகீழாகப் பிடித்துக் குலுக்கிக் குலுக்கி
கை ஓய்ந்த பிறகு
துளை வழியே விழுந்தது:
பழைய ஈசிலிங்க் அட்டையை
முக்கோணமாக வெட்டிச் செய்த மீட்டுத்துண்டு.
அட்டை எண்ணின் கடைசி நான்கு இலக்கங்கள்
அதில் இன்னும் இருக்கின்றன.
எத்தனை பேருந்துகளில் ஏறி இறங்கியதோ.
இப்போது ஆறு தந்திகளில்.

இரண்டாம் கட்டுக்கு அருகே மரம் தேய்ந்து குழிந்திருக்கிறது.
அவர் நிறைய நேரம் அங்கேதான் இருந்திருக்கிறார்.
என் விரலை வைத்தால்
அடுத்தவர் செருப்பில் கால் நுழைத்தது மாதிரி.
மூன்றாம் வாரம்
செருப்பு கடிப்பதை நிறுத்தியது.

தீவாளி போனஸில்
கையகலப் பெருக்கி ஒன்று வாங்கினேன்.
ஒயரை லேசாக மேலே தூக்கி
காதொலிப்பானை மாட்டினால்
முதலில் வந்தது இசை அல்ல.
சட்டைக்கை மரத்தில் உரசுவது,
என் மூச்சு,
மின்விசிறி சுற்றுக்கு ஒருமுறை முனகுவது,
கீழ்வீட்டில் யாரோ நாற்காலி இழுப்பது.
நான்கு வருடம் இந்த அறையில் இருக்கிறேன்,
இத்தனை பேரோடு இருக்கிறேன் என்று தெரியாது.
நடுவில் திடீரென்று எல்லாம் மங்கியது.
கதவை நெம்பி பேட்டரியை நாக்கில் வைத்தேன்.
ஒன்றுமே இல்லை.
பழைய கரண்டியை நக்கியது போல்.
நள்ளிரவில் செவன் லெவனுக்கு இறங்கிப் போனேன்,
அரைக்கால் சட்டையில்,
ஒன்பது வோல்ட் வாங்க.

இன்று காலை வருகைப் பதிவு இயந்திரம்
என் இடது ஆள்காட்டி விரலை ஏற்கவில்லை.
துடைத்து வைத்தேன். ஊதி வைத்தேன்.
'மீண்டும் முயலவும்.'
எனக்குப் பின்னால் சலவைப் பிரிவு முழுவதும் வரிசையில்.
மேற்பார்வையாளர் மிஸ் கோ வந்து
விரலைத் திருப்பிப் பார்த்தார்.
தோல் உரிந்து, காய்த்து,
ரேகை இருந்த இடத்தில்
தந்தி போட்ட ஒற்றைக் கோடு.

"வேற விரல் குடு."

கட்டைவிரலை வைத்தேன்.
அது எப்போதும் கித்தாரின் முதுகுப் பக்கம் இருப்பது,
இன்னும் தந்தியைத் தொடாதது.
உடனே பச்சை விளக்கு எரிந்தது.
என் பெயர் வந்தது.