காலி உறைகள்

ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள்.
அம்மியைப் பற்றி எனக்குத் தெரியாது.
அதற்கு முன்பே பறந்துவிடுகிறவற்றைத்தான்
முப்பத்தோரு வருடம் எடைபோட்டேன்.

பூம்பாறைச் சரிவில் ஐந்து கம்பங்கள்.
கம்பத்துக்கு மூன்று தகரப் பெட்டி,
கணுக்கால் உயரத்தில், இடுப்பில், தலைக்கு மேல்.
காற்று எந்தப் பக்கம் வந்தாலும்
வாயை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள
ஒவ்வொன்றுக்கும் ஒரு வால்,
மண்ணெண்ணெய் டின்னை வெட்டி நானே செய்தது.
பூண்டுத்தோல் வந்து விழும்.
இடுக்கியால் பொறுக்கிக் கழிக்க வேண்டும்.
ஒருமுறை மூன்றாம் கம்பத்தில்
யாரோ ஒரு குழந்தையின் ஸ்வெட்டரைக் காயப்போட்டிருந்தார்கள்.
அந்த வாரக் கணக்கு கெட்டது.
குறிப்பேட்டில் எழுதினேன்:
ஸ்வெட்டர், ஊதா, ஈரம்.

ஹைதராபாத் கருத்தரங்கில் தலைமை வகித்தவர் சிரித்தார்.
"காற்று தின்ன ராஜஸ்தான் இருக்கிறது, டாக்டர் அன்னசெல்வம்.
மலையில் மழைதானே மண்ணைத் தின்னும்?"
மழை தின்றால் ஊருக்கே தெரியும், ஐயா.
ஓடை சிவந்து ஓடும், படம் பிடிக்கலாம்.
காற்று தின்றுவிட்டு
வாயைத் துடைத்துக்கொண்டு போய்விடும்.
இதை நான் அங்கே சொல்லவில்லை.
திரும்பி வரும் பேருந்தில்,
வத்தலக்குண்டு தாண்டி மூன்றாவது வளைவில்தான்
தோன்றியது.

குப்பாண்டி மன்னாடிக்கு மட்டும் சந்தேகம் வரவில்லை.
மாசியில் பூண்டு பிடுங்கி
வெறுமையாய்க் கிடந்த படிக்கட்டு நிலத்தில்
என்னோடு குந்தி உட்கார்ந்து கேட்டார்,
"என்னுது எவ்வளவு போச்சு?"
ஹெக்டேருக்கு இரண்டு டன் என்றேன்.
"ஏக்கர்ல சொல்லுங்க."
எண்ணூறு கிலோ.
"கூடைல சொல்லுங்க."
அவர் வீட்டுக் கூடையில் மண்ணள்ளி நிறுத்தோம்.
இருபது கிலோ.
"நாப்பது கூடை," என்றார்.
கொஞ்ச நேரம் பள்ளத்தாக்கைப் பார்த்தார்.
"கூலி கொடுக்காம நாப்பது கூடை."
அடுத்த வருடம் அறுவடை முடிந்ததும்
பூண்டுத் தாளை எரிக்காமல் நிலத்திலேயே பரப்பினார்.
பதினாறு கூடையாகக் குறைந்தது.
என் ஆய்வுக் கட்டுரையில் இதற்கு
நான்கு வரைபடமும் ஒரு சமன்பாடும் இருக்கின்றன.
கூடையை ஆசிரியர் குழு எடுத்துவிட்டது.

ஒரு வைகாசிக் கடைசி.
தம்பி ஆசீர் தம்மாமிலிருந்து பேசினான்.
"ரெண்டு நாளா தூசிப் புயல்க்கா,
சாரத்துல ஏறவிடல, ரூம்லயே கெடக்கோம்.
சோத்துலயும் நறநறங்குது."
ஐந்தாம் நாள்
தலைக்கு மேலிருக்கும் பெட்டிகளில் மட்டும்
பூம்பாறையின் கறுப்பு அல்லாத ஒன்று.
வெளிறிய மஞ்சள்.
மாவைவிட மென்மை.
உருப்பெருக்கியின் கீழ்
இந்த மலையில் இல்லாத மூலைகள்.
கண்ணாடித் தட்டில் ஒரு சிட்டிகையும் இல்லை,
பதினொரு மில்லிகிராம்.
அவன் வேலைக்குப் போகாத இரண்டு நாள்.

அறிக்கையில் எழுதினேன்:
தொலைதூர மூலம், மேற்குத் திசை,
கூடுதல் ஆய்வு தேவை.
நகத்தில் ஒட்டிய கொஞ்சத்தைக்
கழுவ மனம் வராமல்
இடது கையால் சாப்பிட்டதை எழுதவில்லை.
அளவையில் அது பிழை.
பிழை எவ்வளவு என்று இன்றும் தெரியாது.

ஓய்வு பெறும் நாளில்
ஸ்டோர் கீப்பர் லிகோரி பட்டியலோடு வந்தார்.
தராசு ஒன்று, நல்ல நிலை.
காற்றுமானி இரண்டு, ஒன்று சுற்றாது.
இரும்பு அலமாரி, கதவு இழுபடும்.
கடைசியில் அட்டைப் பெட்டிகள்.
ஒரு உறையை எடுத்து
விளக்குக்கு எதிரே பிடித்துப் பார்த்தார்.
காதருகே ஆட்டியும் பார்த்தார்.
"காலி உறை, நாலாயிரத்துச் சொச்சம்னு போட்டுரவா, மேடம்?"
பிரிக்கப் போனார்.

பிரியுங்கள், லிகோரி.
ஜன்னலை முதலில் சாத்துங்கள்.
கொஞ்சம் மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள்.